காரணம் என்னும் பத்தி: உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் தேற்றங்களின் நிரூபணம் எண், கூற்று, காரணம் என மூன்று பத்திகளாகப் பிரித்து அச்சிடப்பட்டிருப்பதும், மாணவர்கள் அதே அமைப்பைத் தம் விடைத்தாளில் கோடு போட்டுப் பின்பற்றுவதும் தாங்கள் அன்றாடம் காண்பவையே. இவற்றுள் கூற்று என்னும் பத்தி எப்படியோ நிரம்பிவிடுகிறது. காரணம் என்னும் பத்தியோ ‘இணைகோடுகள்’, ‘ஒத்த கோணங்கள்’, ‘படத்திலிருந்து’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. சில தாள்களில் அதுவும் இன்றி வெறுமையாகக் கிடக்கிறது. இணைகோடுகளையும் செங்குத்துக் கோடுகளையும் பற்றிய நிரூபணப் பயிற்சியில் மாணவர் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி அந்த மூன்றாம் பத்தியில்தான் இருக்கிறது என்பதும், அதை முழு வாக்கியமாக எழுதும் பழக்கம் ஏற்படாதவரை எத்தனை தேற்றங்களை நெட்டுருப் போட்டாலும் நிரூபணம் கைவராது என்பதும் இம்மடலின் துணிபு.

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வது நலம். ஒரே தளத்தில் அமைந்து, இரு புறமும் எவ்வளவு நீட்டினாலும் ஒன்றையொன்று சந்திக்காத நேர்கோடுகள் இணைகோடுகள் எனப்படும். ஒரு நேர்கோட்டின் மேல் மற்றொரு நேர்கோடு நிற்கும்போது இரு பக்கமும் உண்டாகும் அடுத்துள்ள கோணங்கள் தமக்குள் சமமாக இருந்தால், அவை ஒவ்வொன்றும் செங்கோணம். அவ்வாறு நிற்கும் கோடு மற்றதற்குச் செங்குத்து. இரு கோடுகளை வெவ்வேறு புள்ளிகளில் வெட்டிச் செல்லும் மூன்றாம் கோடு குறுக்குவெட்டி. குறுக்குவெட்டி உண்டாக்கும் எட்டுக் கோணங்களுள், இரு வெட்டும் புள்ளிகளிலும் ஒரே நிலையில் அமைந்தவை ஒத்த கோணங்கள். இரு கோடுகளுக்கும் இடையில், குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்தவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள். இடையில் ஒரே பக்கத்தில் அமைந்தவை ஒரே பக்க உட்கோணங்கள், இலங்கைப் பாடநூல்களின் வழக்கில் நேயக்கோணங்கள். இவையெல்லாம் ஏழாம் வகுப்பிலேயே அறிமுகமாகிவிடுகின்றன. எனவே மாணவர் தடுமாறுவது பெயர்களை அறியாததால் அன்று.

தடுமாற்றம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. ‘இரு கோடுகள் இணை எனில், ஒத்த கோணங்கள் சமம்’ என்பது ஒரு தேற்றம். ‘ஒத்த கோணங்கள் சமம் எனில், இரு கோடுகளும் இணை’ என்பது அதன் மறுதலை. ஒரு கூற்றின் ‘எனில்’ என்ற சொல்லுக்கு முன்னுள்ள பகுதியையும் பின்னுள்ள பகுதியையும் இடம் மாற்றினால் கிடைப்பது மறுதலையாகும். இணைகோடுகளின் பாடத்தில் தேற்றமும் மறுதலையும் இரண்டும் உண்மையாக இருந்துவிடுவதே கற்பிப்பவருக்கு ஒரு கேடாக முடிகிறது. ஏனெனில், இரண்டும் உண்மையானால் எதை எழுதினால் என்ன என்ற அலட்சியம் மாணவரிடத்தில் தானாகவே வளர்ந்துவிடுகிறது. ‘ஒரு நாற்கரம் செவ்வகம் எனில், அதன் மூலைவிட்டங்கள் சமம்’ என்பது உண்மை. ஆனால் மூலைவிட்டங்கள் சமமாக இருப்பதாலேயே ஒரு நாற்கரம் செவ்வகமாகிவிடாது, இருசமபக்கச் சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமே. மறுதலை பொய்யாகும் இத்தகைய ஓர் எடுத்துக்காட்டை, இணைகோடுகளின் பாடம் தொடங்கும் முன்பே கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டால், தேற்றமும் மறுதலையும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை என்ற எச்சரிக்கை மாணவர் மனத்தில் பதியும்.

இந்த எச்சரிக்கையைச் சோதிக்க இரண்டு சிறு வினாக்கள் போதும். முதலாவது: ஒரு தளத்தில், ஒரே கோட்டிற்குச் செங்குத்தாக அமைந்த இரு கோடுகள் ஒன்றுக்கொன்று இணை என நிரூபிக்க. இரண்டாவது: இரு இணைகோடுகளுள் ஒன்றிற்குச் செங்குத்தாக அமைந்த குறுக்குவெட்டி மற்றதற்கும் செங்குத்து என நிரூபிக்க. இரண்டு வினாக்களுக்கும் வரையப்படும் படம் ஒன்றே: கிடையாக இரு கோடுகள், அவற்றை வெட்டிக்கொண்டு நேர்நிலையாக ஒரு கோடு, வெட்டும் இடங்களில் செங்கோணத்தைக் குறிக்கும் சிறு சதுரங்கள். ஆனால் முதல் வினாவில் இரு சதுரங்களும் தரவு, இணைத்தன்மை முடிவு. இரண்டாம் வினாவில் இணைத்தன்மையும் ஒரு சதுரமும் தரவு, மற்றொரு சதுரம் முடிவு. முதல் வினாவின் நிரூபணத்தில், இரு ஒத்த கோணங்களும் 90° ஆகையால் அவை சமம் என்று கூறியபின், ‘ஒத்த கோணங்கள் சமம் எனில் கோடுகள் இணை’ என்ற மறுதலை காரணமாக வர வேண்டும். இரண்டாம் வினாவில், ‘கோடுகள் இணை எனில் ஒத்த கோணங்கள் சமம்’ என்ற தேற்றம் காரணமாக வர வேண்டும். காரணப் பத்தியில் ‘ஒத்த கோணங்கள்’ என்று மட்டும் எழுதும் மாணவரின் இரு விடைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும் என்பதால், அவர் எதை அறிந்து எழுதினார், எதை அறியாமல் எழுதினார் என்று திருத்துபவராலும் கண்டுபிடிக்க இயலாது.

முதல் வினாவிற்கு அடிக்கடி எழுதப்படும் பிழையான விடை இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. ‘கோடுகள் இணை, ஆகவே ஒத்த கோணங்கள் சமம், ஒத்த கோணங்கள் ஒவ்வொன்றும் 90°, ஆகவே கோடுகள் இணை’ என்று அது செல்லும். நான்கு கூற்றுகளில் எதுவும் பொய்யன்று. ஆயினும், எதை நிறுவ வேண்டுமோ அதையே முதல் வரியில் உண்மையென ஏற்றுக்கொண்டுவிட்டதால், அங்கே நிரூபணம் என ஒன்று நிகழவே இல்லை. இதற்கு முழு மதிப்பெண் வழங்கப்படும்போது, கூற்றுகள் உண்மையாக இருந்தாலே போதும், அவை எந்த வரிசையில் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்பது பொருட்டல்ல என்ற பாடத்தை அம்மாணவர் கற்றுக்கொள்கிறார். பின்னர் அதை மாற்றுவது எளிதன்று.

இவ்விரு வினாக்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தேர்வுக்காகக் கற்பிக்கப்பட்ட நுணுக்கம் அன்று என்பதை வடிவியலின் வரலாறே காட்டும். ஏறத்தாழ கி.மு. 300-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் தொகுத்த ‘மூலங்கள்’ என்னும் நூல் 13 பகுதிகளை உடையது. அதன் முதற்பகுதியில் 48 கூற்றுகள் உள்ளன. ஒன்றுவிட்ட கோணங்கள் சமமானால் கோடுகள் இணை என்பது 27-ஆம் கூற்று. ஒத்த கோணங்களையும் ஒரே பக்க உட்கோணங்களையும் கொண்டு அதே முடிவை எட்டுவது 28-ஆம் கூற்று. கோடுகள் இணை எனில் அக்கோணங்கள் அவ்வாறு அமையும் என்பது 29-ஆம் கூற்று. பள்ளிப் பாடநூல்கள் மறுதலை என்று அழைப்பதை யூக்ளிட் முதலில் நிறுவிவிட்டு, பாடநூல்கள் தேற்றம் என்று அழைப்பதைப் பின்னால் வைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. இரு கோடுகளின் மேல் மூன்றாவது ஒரு கோடு விழும்போது ஒரு பக்கத்து உட்கோணங்களின் கூடுதல் இரு செங்கோணங்களைவிடக் குறைந்தால், அவ்விரு கோடுகளும் அப்பக்கத்தில் சந்திக்கும் என்பது அவர் வகுத்த ஐந்தாம் எடுகோள். எடுகோள் என்பது நிறுவப்படாமல் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளப்படும் கூற்று. முதல் 28 கூற்றுகளில் ஓரிடத்திலும் அவர் அதைக் கையாளவில்லை. 29-ஆம் கூற்றில்தான் அது முதன்முதலாக வேலைக்கு வருகிறது.

27-ஆம் கூற்றின் நிரூபணம் முரண்பாட்டின் வழி செல்வது; அதாவது, முடிவு பொய்யென வைத்துக்கொண்டு, அதிலிருந்து நடக்கவே முடியாத ஒன்று விளைவதைக் காட்டுவது. ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாக இருந்தும் கோடுகள் ஒரு பக்கத்தில் சந்திப்பதாகக் கொண்டால், சந்திக்கும் புள்ளியும் குறுக்குவெட்டியின் இரு வெட்டும் புள்ளிகளும் ஒரு முக்கோணத்தை உண்டாக்கும். அம்முக்கோணத்தின் ஒரு வெளிக்கோணம் அதன் உள்ளெதிர்க் கோணத்திற்குச் சமமாகிவிடும். ஆனால், வெளிக்கோணம் உள்ளெதிர்க் கோணம் ஒவ்வொன்றையும்விடப் பெரியது என்று 16-ஆம் கூற்றில் முன்பே நிறுவப்பட்டுள்ளதால் இது நடவாது. ஆகவே கோடுகள் சந்திப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இந்நிரூபணம் எட்டாதது அன்று. பல பாடநூல்கள் ஒத்த கோணங்களைப் பற்றிய கூற்றுகளை நிறுவாமலே ஏற்றுக்கொண்டு மேலே செல்வது கால நெருக்கடியால் என்றாலும், ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவது வீண்போகாது.

ஐந்தாம் எடுகோளை மற்ற எடுகோள்களிலிருந்து வருவிக்க நூற்றாண்டுக் கணக்கில் முயன்றவர்களுள் இப்னு அல்-ஹைதம், உமர் கய்யாம் ஆகியோரும், 1733-இல் இதற்கென்றே நூல் வெளியிட்ட இத்தாலியரான சக்கேரியும் உண்டு. 1829-இல் ருசியாவின் லொபச்செவ்ஸ்கியும் 1832-இல் ஹங்கேரியின் போயாயும் அந்த எடுகோளைக் கைவிட்டாலும் முரண்பாடற்ற வேறொரு வடிவியல் அமையும் என எழுதி வெளியிட்டனர். அந்த வடிவியலில், மேலே கண்ட இரு வினாக்களுள் முதலாவது அப்படியே நிற்கிறது, ஒரே கோட்டிற்குச் செங்குத்தான இரு கோடுகள் அங்கும் சந்திப்பதில்லை, இரண்டாவது நிற்பதில்லை. கோளத்தின் பரப்பிலோ நிலைமை நேர்மாறு: நிலநடுக்கோட்டைத் தீர்க்கக் கோடுகள் யாவும் செங்கோணத்தில் வெட்டினாலும், அவையெல்லாம் துருவங்களில் சந்தித்துக்கொள்கின்றன. சமூக அறிவியல் ஆசிரியரிடமிருந்து ஓர் உலக உருண்டையை இரவல் வாங்கி வந்து காட்டினால், ‘ஒரு தளத்தில்’ என்ற இரு சொற்கள் வினாவில் எதற்காக இருக்கின்றன என்பதை மாணவர் தாமே கூறிவிடுவர்.

அச்சொற்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வகுப்பறையின் ஒரு மூலையில் நேர்நிலையாக எழும் விளிம்பை எடுத்துக்கொண்டால், அதன் அடியிலிருந்து ஒரு சுவரோடு தரையில் ஓடும் விளிம்பும், அதன் உச்சியிலிருந்து அடுத்த சுவரோடு கூரையில் ஓடும் விளிம்பும் அதற்குச் செங்குத்தாகவே உள்ளன. ஆயினும் அவை சந்திப்பதும் இல்லை, இணையாக இருப்பதும் இல்லை. மேல்நிலை வகுப்பில் இவை ஒரு தளம் அமையாக் கோடுகள் எனப்படும். ‘சந்திக்காதவை எல்லாம் இணை’ என்று வரையறையைச் சுருக்கி மனத்தில் வைத்திருப்பவருக்கு அந்த மூலையே போதிய மறுப்பு.

‘படத்திலிருந்து’ என்ற காரணத்தைப் பற்றியும் கூற வேண்டியுள்ளது. நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீலே, தினா வான் ஹீலே-கெல்தோப் என்னும் ஆசிரிய இணையர் 1957-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடுகளில், வடிவியல் சிந்தனை படிப்படியாகவே வளர்கிறது என்று கூறினர். தோற்றத்தைக் கொண்டு வடிவத்தை அறிவது தொடக்கப் படி. பண்புகளைக் கொண்டு அறிவது அடுத்தது. பண்புகளுக்கிடையே உள்ள தொடர்பைக் காண்பது அதற்கும் அடுத்தது. முறையான நிரூபணம் அதன் பின்னரே வருகிறது. ஆசிரியர் நிரூபணத்தின் படியில் நின்று பேச, மாணவர் தோற்றத்தின் படியில் நின்று கேட்டால், இருவரும் ஒரே படத்தைப் பார்த்தாலும் பேச்சு ஒட்டாது. ‘பார்த்தாலே தெரிகிறதே, இதை ஏன் நிரூபிக்க வேண்டும்?’ என்ற மாணவரின் கேள்வி அந்த நிலையில் முற்றிலும் நியாயமானது. அதை அடக்குவதைவிட, பார்வை ஏமாறும்படி படத்தை வரைந்து கொடுப்பதே தக்க விடை. இணையெனத் தரப்பட்ட கோடுகளைச் சற்றே விலகிச் செல்வதுபோல் வேண்டுமென்றே கோணலாக வரைந்தும், இணையெனத் தரப்படாத கோடுகளை அளவுகோல் வைத்து இணையாகவே வரைந்தும் வினாக்கள் தந்தால், கோணமானியும் கண்ணும் உதவாமற்போக, தரவை நம்பும் கட்டாயம் மாணவருக்கு உண்டாகிறது. அழகாக, அளவு பிசகாமல் வரைந்த படத்தைத் தவறாது கேட்பது செய்முறை வடிவியலுக்குப் பொருந்தும். நிரூபணப் பயிற்சியில் அது சில வேளை தடையாகவே முடிகிறது.

துணைக்கோடு வரைய வேண்டிய கணக்குகளில்தான் காரணப் பத்தியின் அருமை முழுதும் புலப்படும். பழைய தலைமுறை ஆசிரியர்கள் ‘ரைடர்’ என்று அழைத்த வகையைச் சேர்ந்த ஒன்றை இங்கு எடுத்துக்கொள்ளலாம். மேலும் கீழுமாக இரு இணைகோடுகள். மேல்கோட்டில் ச என்ற புள்ளியும் அதன் வலப்பக்கம் க என்ற புள்ளியும், கீழ்க்கோட்டில் ச-வுக்கு நேர் கீழே த என்ற புள்ளியும் அதன் வலப்பக்கம் ட என்ற புள்ளியும் உள்ளன. இரு கோடுகளுக்கும் இடையில், ச, த ஆகியவற்றின் வலப்பக்கமாக ப என்ற புள்ளி உள்ளது. கோணம் ச-ப-த ஆனது கோணம் க-ச-ப, கோணம் ட-த-ப ஆகியவற்றின் கூடுதலுக்குச் சமம் என நிறுவ வேண்டும். ப வழியாக இடப்பக்கம் ப-ம என்ற கோட்டை இணையாக வரைந்தால், ஒன்றுவிட்ட கோணங்கள் என்ற வகையில் மேலே ஒரு சமமும் கீழே ஒரு சமமும் கிடைக்க, இரண்டையும் கூட்டினால் முடிவு வந்துவிடுகிறது.

ஆனால் பெரும்பாலான விடைகள் ‘இரண்டு கோடுகளுக்கும் இணையாக ப-ம வரைக’ என்று தொடங்குகின்றன. பிழை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு புள்ளி வழியாக ஒரு கோட்டிற்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் வரைய முடியும் என்பது, 1795-இல் ஜான் பிளேஃபேர் யூக்ளிட் நூலின் தம் பதிப்பில் பயன்படுத்தியதால் அவர் பெயரால் வழங்கும் எடுகோள். அவ்வாறாயின், மேல்கோட்டிற்கு இணையாக வரைந்ததும் அந்தக் கோடு முடிவாகிவிடுகிறது; அது கீழ்க்கோட்டிற்கும் இணையா என்பதை வரைபவர் கட்டளையிட முடியாது, நிறுவத்தான் வேண்டும். ஒரே கோட்டிற்கு இணையான இரு கோடுகள் தமக்குள்ளும் இணை என்ற யூக்ளிட்டின் 30-ஆம் கூற்று அங்கே காரணமாக வர வேண்டும். ‘அமைப்பு’ என்ற தலைப்பின்கீழ் எதைச் செய்யலாம், எதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்ற எல்லையை மாணவர் உணர இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. இதே கணக்கை, ச-ப கோட்டைக் கீழ்க்கோடு வரை நீட்டி, உண்டாகும் முக்கோணத்தின் வெளிக்கோணத்தைக் கொண்டும் முடிக்கலாம். ஒரு கணக்கை இரு வழியில் நிறுவச் சொல்வது, பத்துக் கணக்குகளை ஒரே வழியில் நிறுவச் சொல்வதைவிடப் பயன் தரும்.

பத்தாம் வகுப்பில் கோண இருசமவெட்டித் தேற்றத்தின் நிரூபணம் இதே உத்தியின் மேல்தான் நிற்கிறது: முக்கோணத்தின் ஒரு முனை வழியாக எதிரேயுள்ள பக்கம் ஒன்றிற்கு இணையாக ஒரு கோடு வரைந்து, இருசமவெட்டியை அக்கோட்டைத் தொடும்வரை நீட்டி, ஒன்றுவிட்ட கோணங்களின் சமத்தைக் கொண்டு ஓர் இருசமபக்க முக்கோணத்தைப் பெறுவது. அடிப்படை விகிதசமத் தேற்றத்தில் ஒத்த கோணங்களும், பிதாகரஸ் தேற்றத்தில் செங்கோண முனையிலிருந்து கர்ணத்திற்கு வரையும் செங்குத்தும் அதே வேலையைச் செய்கின்றன. ஒன்பதாம் வகுப்பிலேயே துணைக்கோட்டோடு பழகிய மாணவருக்கு இவை ஐந்து மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ய வேண்டிய தனித்தனிச் சுமைகளாகத் தோன்றமாட்டா.

சாய்வைக் கொண்டு நிறுவும் முறை ஆயத்தொலை வடிவியலில் வருகிறது. சாய்வுகள் சமமானால் இணை, சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 ஆனால் செங்குத்து என்பவை மாணவருக்குக் கணக்கீடாக எளிதில் வந்துவிடுவதால், இங்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் போதும். (0, 3), (1, 5) வழியாகச் செல்லும் கோட்டின் சாய்வும் (2, 7), (3, 9) வழியாகச் செல்லும் கோட்டின் சாய்வும் 2 தான். ஆனால் அவை இரு இணைகோடுகள் அல்ல, ஒரே கோடு. அவ்வாறே, நேர்நிலைக் கோட்டிற்குச் சாய்வு வரையறுக்கப்படாததால், கிடைக்கோடும் நேர்நிலைக் கோடும் செங்குத்தாக இருந்தும் பெருக்கற்பலன் விதிக்குள் அடங்கா.

பயிற்சித் தாள்களைப் பற்றி ஒன்று. கூற்றுகள் முழுவதையும் அச்சிட்டுக் கொடுத்துக் காரணங்களை மட்டும் எழுதச் சொல்வது, காரணங்களை மட்டும் கொடுத்துக் கூற்றுகளை வருவிக்கச் சொல்வது, ஒரு வரி பிழையான நிரூபணத்தைக் கொடுத்து அந்த வரியைச் சுட்டச் சொல்வது என்னும் மூவகை வினாக்களும் விடைத்தாளில் பத்து வரிக்கு மேல் போகா; திருத்துவதும் சுமையாகாது. காரணத்திற்கெனத் தனி மதிப்பெண்ணை வகுப்புத் தேர்வுகளிலாவது ஒதுக்கிவைத்தால்தான் மாணவர் அப்பத்தியைப் பொருட்படுத்துவர்.

அத்தகைய தாள் ஒன்றிற்கு ஏற்ற ஓர் இணை வினா உண்டு. இரு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டும்போது உண்டாகும் ஒரே பக்க உட்கோணங்களின் இருசமவெட்டிகள் செங்கோணத்தில் சந்திக்கும் என்பது முதல் வினா: உட்கோணங்களின் கூடுதல் 180°, பாதிகளின் கூடுதல் 90°, இருசமவெட்டிகளும் குறுக்குவெட்டியும் உண்டாக்கும் முக்கோணத்தில் எஞ்சுவது 90°. அதன் மறுதலை, அதாவது இருசமவெட்டிகள் செங்கோணத்தில் சந்தித்தால் கோடுகள் இணை என்பது, இரண்டாம் வினா. அதில் அதே மூன்று வரிகள் கீழிருந்து மேலாக ஏறி, முதல் வினாவில் முதற்காரணமாக நின்ற தேற்றத்தின் மறுதலையில் முடிகின்றன. இரண்டையும் ஒரே தாளின் இரு பாதிகளில் எழுதச் சொல்லி, கூற்றுகளை விட்டுவிட்டுக் காரணப் பத்திகளை மட்டும் அருகருகே வைத்துத் திருத்திப் பார்ப்பது ஒரு பாடவேளைக்குள் முடியக்கூடிய வேலைதான்.